நல்லா இருக்கேன் என்று சொன்ன லைன்மேன்

பாண்டிமுருகன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் நாத்தனார் மீனம்மாள் வாயிலிருந்து. பதினாறு வருஷம் இருக்கும். ஒக்கூரிலிருந்து பஸ் ஏறி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல், மகள் யோகலட்சுமிக்கு ஒரு இடம் வந்திருக்கிறது என்றாள். கண்டரமாணிக்கம் ஒச்சம்மாளின் மகள் வயிற்றுப் பேரன், மின்வாரியத்தில் லைன்மேன். எல்லாம் சரி, கரண்டுக் கம்பத்தில் ஏறுகிற வேலையாயிற்றே என்று இழுத்தாள். ஒச்சம்மாள் எனக்குத் தூரத்து வழியில் பெரியம்மா. அந்த வீட்டு ஆண்கள் தலையே போனாலும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள், ஆனால் நல்லவர்கள். கொடு என்றேன். கொடுத்தார்கள். பாண்டிமுருகன் எனக்கு மகன் முறை என்பதால் அவன் என்றே சொல்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு மத்தியானம், மானகிரிப் பக்கம் லைனை நிறுத்திவிட்டு வேலை பார்த்தார்கள். கூட்டாளி வீரபாண்டியன் மேலே, பாண்டிமுருகன் கீழே. கரண்டு இல்லையே என்று யாரோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். அதை முறையாக மாட்டாததால் அந்தக் கரண்டு திரும்பி லைனுக்குள் ஏறிவிட்டது. அடித்துத் தள்ளியதில் வீரபாண்டியன் இடுப்பு பெல்ட்டோடு கம்பத்தில் தொங்கினான். கரண்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே ஏறக்கூடாது, அது அவர்கள் விதி. சத்தம் வந்த பக்கம் ஜெனரேட்டரைத் தேடிப்போய் நிறுத்தச் சொல்லி ஆள் ஓடியது. அது நிற்க ஆன மூன்று நிமிஷமும் பாண்டிமுருகன் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். பிறகு ஏறி, தோளில் போட்டு இறக்கினான்.

வீரபாண்டியனுக்கு மூன்று விரல் போனதோடு சரி. ஆறு மாதத்தில் ஆபீசில் உட்கார்ந்து பில் பணம் வாங்க ஆரம்பித்துவிட்டான். ஒரு காயமும் படாத பாண்டிமுருகன்தான் படுத்துக்கொண்டான். தூக்கத்தில் கத்தினான். தோசை தீய்ந்த வாடை வந்தால் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். டிரான்ஸ்பார்மர் இருக்கிற தெருவை விட்டு ஊரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். இரக்கப்பட்டு, புகார் போன் எடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். அதுவும் முடியாமல், வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டான். அரசாங்க வேலை, ரெண்டு பெண்பிள்ளைகள். யோகலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை.

வழி காட்டியது வீரபாண்டியன். மதுரையில் கையைக் காட்டப் போன ஆஸ்பத்திரியில் ஒரு அறிவிப்பைப் பார்த்திருக்கிறான். விபத்தைக் கண்ணால் பார்த்து அதிலிருந்து மீளமுடியாதவர்களுக்கு ரெண்டு விதமான வைத்தியம் கொடுத்து, எது கேட்கிறது என்று டாக்டர்கள் ஆராய்ச்சி செய்கிறார்களாம். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர்தான் பிரிக்குமாம். காசு கிடையாது.

“அடி வாங்குனது நான், படுத்துக் கெடக்குறது நீயா மாப்ளே? போயிட்டு வா” என்று அவன்தான் தள்ளிவிட்டான்.

புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனார்கள். சேர்ப்பதற்கு முன் கேள்வி கேட்டு மார்க் போடுவார்களாம். கேட்டது அஃப்ரின் என்கிற பெண், நம் பக்கத்துப் பிள்ளைதான். கெட்ட கனவு வருகிறதா, அந்த இடத்தை ஒதுக்கிப் போகிறீர்களா என்று இருபது கேள்வி. இவன் இருபதுக்கும் “அதெல்லாம் ஒன்னுமில்லம்மா, நல்லா இருக்கேன்” என்றிருக்கிறான். நம்மிடம் யார் நலம் கேட்டாலும் அப்படித்தானே சொல்வோம்? அதுவும் தங்கச்சி வயதுப் பெண்ணிடம் ராத்திரி கத்துகிறேன் என்று எந்த ஆம்பளை சொல்வான்? மார்க் பத்தவில்லை. இந்த ஆராய்ச்சிக்குப் பொருந்தவில்லை, வேண்டுமானால் ஒரு மாதம் கழித்து மறுபடி வரலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வருகிற பஸ் மேலூரைத் தாண்டியது. யோகலட்சுமி கேட்டாளாம்: “அந்தப் புள்ள நம்ம வீட்டுக்கு விருந்துக்கா வந்துச்சு? நல்லா இருக்கேன்னா நல்லா இருக்காருன்னுதான் எழுதும். எனக்குத் தெரியும் நீங்க எப்படி இருக்கீகன்னு. அங்க சொன்னீகளா?”

அன்றிலிருந்து அவள் தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளின் முதுகில் எழுத ஆரம்பித்தாள். இன்றைக்கு எத்தனை முறை விழித்தார், எந்தத் தெரு சுற்றிப் போனார், எதற்குத் திடுக்கிட்டார். அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் ரெண்டு தாளைக் கிழித்தும் போட்டான். அவள் நினைவில் வைத்து மறுபடி எழுதினாள்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது அவளை உள்ளே விடவில்லை. தாள்கட்டை அவன் கையில் திணித்துவிட்டாள். அவன் மேஜைமேல் வைத்தான். அஃப்ரின் அதைத் தொடவில்லை. “நீங்களே படிச்சுச் சொல்லுங்கண்ணே, எழுதிக்கிறேன்” என்றது. படித்திருக்கிறான். பாதியில் தாளை மூடிவிட்டு, அதில் இல்லாத ஒன்றைத் தானே சொல்லியிருக்கிறான்.

“அந்த மூணு நிமிஷமும், விட்டுட்டு ஓடிப்போயிரலாமான்னு நெனச்சேம்மா.”

பெண்டாட்டியிடம்கூட அதுவரை சொல்லாதது. இந்த முறை சேர்த்துக்கொண்டார்கள். எந்த வைத்தியம் விழுந்தது என்று தன்னிடம் சொல்லவே கூடாது, கடைசியில் மறுபடி மார்க் போடுவது தான்தான், தெரிந்தால் மார்க் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று அஃப்ரின் கறாராகச் சொல்லிவிட்டதாம்.

அவனுக்கு விழுந்தது பேசுகிற வைத்தியம். வாரம் ஒரு நாள், பன்னிரண்டு வாரம், கண்ணை மூடிக்கொண்டு அந்த மத்தியானத்தை ஆரம்பத்திலிருந்து டாக்டரிடம் சொல்லவேண்டும். அதைப் பதிவு செய்து கொடுப்பார்கள், வீட்டில் தினமும் கேட்கவேண்டும். விளக்கேற்றுகிற வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாமென்று யோகலட்சுமி சொல்ல, கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்து கேட்டான். முதல் மூன்று வாரம் இன்னும் மோசமாகத்தான் இருந்தான். நான்கூட நிறுத்திவிடு என்றேன். அவன் நிறுத்தவில்லை. ஒன்பதாவது வாரம், ஓட நினைத்ததை வீரபாண்டியனிடமே போய்ச் சொன்னான். வீரபாண்டியன் பில் போடுவதை நிறுத்தாமலே, “நினைச்ச, ஓடலைல்ல? அப்ப கெளம்பு, வரிசை நிக்கிது” என்றானாம். அதைச் சொல்லும்போது பாண்டிமுருகன் சிரித்தான். அவன் பல்லைப் பார்த்து எனக்கு ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.

எந்த வைத்தியம் உசத்தி என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை. ஆள் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்களாம். தீய்ந்த வாடை இவனுக்கு இப்போதும் ஆகாது. தூக்கம் வருகிறது. ராஜினாமாக் கடிதம் எழுதவே இல்லை.

போன தை மாதத்திலிருந்து பாண்டிமுருகன் காரைக்குடியில் பழையபடி லைன்மேனாக இருக்கிறான். கண்டரமாணிக்கத்து வீட்டிலிருந்து தினமும் எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறான்.