வீட்ல சொன்னீங்களா, சார்?

காலை ஒன்பதேகாலுக்குப் பங்குச் சந்தை திறக்கும்போது நம் நடைக்குழு வாட்ஸ்அப்பில் பிரபாகரிடமிருந்து ஒரு செய்தி வரும். "கை பரபரக்குதா? முதல்ல டீ குடிங்க" என்பதுபோல ஏதாவது. அன்றும் அவர் எண்ணிலிருந்துதான் வந்தது. எழுதியது அவர் மகள். அப்பா விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்று இருந்தது. ஐம்பது நிரம்பாத மனிதர். எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

முடிச்சூரில் நம் குடியிருப்பைச் சுற்றி நடக்கும் நாம் எல்லோரும் பணி ஓய்வு பெற்றவர்கள். நாவலூரில் வேலை பார்த்த அவர் ஒருவர்தான் இளையவர். ஓய்வுப் பணத்தில் கொஞ்சத்தைப் பங்குகளில் போடக் கற்றுக்கொடுங்கள் என்று நாம்தான் அவரைப் பிடித்துக்கொண்டோம். ஞாயிறுதோறும் நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் வகுப்பு.

என் முதல் பங்கு உங்களுக்கு நினைவிருக்கும். வாங்கிய குஷியில் என் மனைவி விசாலத்தைக் கேசரி கிண்டச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தேன். சாயங்காலம் பார்த்தால் பங்கைக் காணோம். கையில் வைத்துக்கொள்ள 'டெலிவரி'யைத் தொட்டிருக்க வேண்டும். நானோ அன்றன்றே கணக்குத் தீர்க்கும் 'இன்ட்ராடே'யில் வாங்கியிருக்கிறேன். சந்தை மூடுமுன் அது தானாகவே விற்றுப் போய்விட்டது. பிரபாகர் கேசரியை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, "காலைல வந்து மத்தியானம் கிளம்புன விருந்தாளிக்கா சார் இவ்ளோ முந்திரி?" என்றார். பிறகு என் விரலாலேயே அதை மறுபடி வாங்கவைத்தார்.

அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று. எதை வாங்குவதானாலும், அந்தக் கம்பெனி என்ன செய்கிறது, ஏன் வாங்குகிறோம் என்று முதலில் வீட்டில் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் புரியாவிட்டால் வாங்கக் கூடாது. ஒருமுறை தினமும் ஏறிக்கொண்டிருந்த ஒரு பங்குக்காகத் துடித்தேன். அது என்ன தயாரிக்கிறது என்று விசாலம் கேட்டாள். ஏறுகிறது என்றேன். அது சரி, என்ன தயாரிக்கிறது என்று திரும்பக் கேட்டாள். வாங்கவில்லை. அது மேலும் ஏறியது; எனக்கு வயிற்றெரிச்சல். பிரபாகரிடம் புலம்பினேன்.

"ஏறட்டும் சார். ஏன் ஏறுதுன்னு தெரியாம வாங்குனா, இறங்கும்போதும் ஏன்னு தெரியாது" என்றார்.

காரியம் முடிந்தபின் நாங்கள் நான்கு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். ஒரே கவலைதான். சேமிப்பெல்லாம் பங்குகளில், பங்கெல்லாம் அவர் போனுக்குள். பள்ளியில் படிக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு அவர் மனைவி மஞ்சுளா எங்கே போய் என்னவென்று தேடுவார்? வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு போனோம்.

தயங்கித் தயங்கிக் கேட்டோம். நாமினி தான்தான் என்றும், பெயர் மாற்ற மனு கொடுத்தாயிற்று என்றும் மஞ்சுளா சொன்னார். பிறகு ஒவ்வொரு கம்பெனியாகச் சொல்ல ஆரம்பித்தார். இது டயர், இது பம்ப்செட், இது பிஸ்கட். எதை ஏன் வாங்கினார், எந்த நிலைமை வந்தால் விற்க நினைத்திருந்தார் என்பது வரை, எல்லாம் மனப்பாடம். ஒரே இடத்தில்தான் குரல் உடைந்தது.

"பெயிண்ட் கம்பெனி மட்டும் எனக்குப் புரியலன்னு சொன்னேன். வாங்காமலே விட்டுட்டார், சார்."

உதவப் போன எங்களுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்குத் தானும் வரலாமா என்று கேட்டார். வருகிறார்.

நேற்று ஒரு பங்கு வாங்க உட்கார்ந்தேன். விசாலத்தைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். வழக்கமாகத் தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறவள், நேற்று எழுந்திருக்கவில்லை.

"இருங்க, நான் ஒருதடவ திருப்பிச் சொல்றேன். சரியான்னு பாருங்க."

சரியாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் பொத்தானைத் தொட்டேன், டெலிவரிதானா என்று பார்த்துக்கொண்டு. பிரபாகரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு பழக்கம். இதை விற்பதாக இல்லை.