உரசாத மொழி

ஓர் அறைக்கு நான்கு பேர். பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அறையில் அதற்கு மேல் ஓர் ஆள்கூட இருக்கக் கூடாது. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. அதைக் கோப்புகளில் மேற்கோள் காட்டியே எனக்குத் தலை நரைத்தது. விபத்து நடந்த மறுநாள் ‘விதிமீறல் கண்டறியப்பட்டுள்ளது’ என்று எழுதுவோம். முந்தின நாள்வரை அது எங்கோ காட்டுக்குள் ஒளிந்திருந்த மாதிரி.

சென்ற வாரம் வீட்டுக் கேட்டுக்குச் சில்வர் பெயிண்ட் அடிக்க ஒருவர் வந்தார். காபி கொடுக்கப் போனால், மனிதர் முழங்கைவரை வெள்ளியாக நிற்கிறார். டம்ளரை வாங்கக் கை நீட்டினார். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். “கை காஞ்சிருச்சு சார், ஒட்டாது” என்றார் பாவம். நான் நகர்ந்தது ஒட்டும் என்ற பயத்தால் அல்ல. சிறுவயதில் பழகிய பழக்கம், கால் தானாக நகர்ந்தது.

அப்போது நாங்கள் நாரணாபுரத்தில் இருந்தோம். அப்பா எனக்கு நினைவு தெரியுமுன்பே போய்விட்டார். அம்மா பட்டாசு ஆலைக்குப் போய் என்னையும் தங்கை தனத்தையும் வளர்த்தாள். சாயங்காலம் கம்பெனி வண்டியிலிருந்து அவள் இறங்கும்போது கை, கழுத்து, காது மடல், புருவம் எல்லாம் அலுமினியப் பொடி. இரண்டு பேரும் ஓடுவோம். “ஏலே, தொட்டுறாத. குளிச்சுட்டு வாரேன்” என்பாள். அவள் குளித்து வரும்வரை கொல்லைப்புறக் கதவருகே நின்று காத்திருப்போம்.

பகலில் அம்மா வெள்ளி மனிதர்களின் நாட்டுக்குப் போய்வருகிறாள் என்பது தனத்தின் கண்டுபிடிப்பு. அந்த மக்களுக்கும் அவர்கள் பேசும் மொழிக்கும் லூம் என்று பெயர் வைத்தோம். சொல்லின் தொடக்கத்தில் ல வராது என்று தமிழாசிரியர் அன்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் பாதிச் சொற்களை வேண்டுமென்றே ல-வில் ஆரம்பித்தோம். அரசாங்கத்தில் நான் சேர்வதற்கு முன்னால் செய்த ஒரே விதிமீறல் அது.

வேலை செய்யும் அறையில் எதையும் தட்டக் கூடாது, இழுக்கக் கூடாது, கீழே போடக் கூடாது என்று அம்மா சொல்வாள். “அங்கன ஒண்ணும் ஒரசப்படாது.” நாக்கு மேலண்ணத்தில் முட்டுவதும் உரசல்தானே என்று தனம் கேட்டாள். இப்படி ஒரு சந்தேகம் எங்கள் பக்கத்துப் பிள்ளைக்குத்தான் வரும். வல்லின எழுத்துகள் அத்தனையும் போயின. நாக்கு உருளுகிறது என்று ர-வையும் வெளியேற்றினாள். ழ எங்கள் ஊர் வாய்க்கு எப்படியும் வராது, அதற்குத் தனி உத்தரவு தேவைப்படவில்லை. மிஞ்சியதில் நாங்கள் புழங்கியது ம, ந, ன, ய, ல, வ. ‘தனம்’ என்ற பெயரே செல்லாமல் போனதால் அவள் ‘நனா’ ஆனாள். தண்ணீருக்கு ‘லேனம்’.

இலக்கணமும் இருந்தது. ஏவல் கிடையாது, அதட்டினால் கேட்பவர் பதறி எதையாவது கீழே போட்டுவிடுவார். அதனால், வேண்டியது ஏற்கெனவே நடந்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். என் பங்கு முறுக்கைப் பார்த்து, “நீ தந்துவிட்டாய்” என்று லூமில் சொல்லிவிட்டு அவளே எடுத்துக்கொள்வாள். எண்கள் நான்கோடு சரி. ஐந்தாவது ஆள் வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும், ஆகவே மறுபடியும் நான்குதான் என்று விளக்கம் கொடுத்தாள்.

“என்னலே பேசுறீக ரெண்டு பேரும், வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு?” என்று அம்மா சிரிப்பாள். நாங்கள் பதில் சொல்ல மாட்டோம். அவள் அந்த நாட்டுக்கே போய்வருகிறவள், அவளுக்குத் தெரியாதா என்ன?

தீபாவளி நெருங்கினால் ஆர்டர் குவியும். கூலி முடித்த எண்ணிக்கைக்குத்தான் என்பதால் மருந்து தயாராக உள்ள அறையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். தூரத்தில் சோதனைக்கு வரும் அதிகாரியின் ஜீப் புழுதி தெரிந்தால் அதிகப்படி ஆட்கள் மட்டும் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போவார்கள். ஜீப் போனதும் திரும்பி வருவார்கள். அந்த வருஷம் ஒரு மத்தியானம் ஜீப் வரவில்லை. அறை வெடித்தது. அறிக்கையில் உள்ளே இருந்தவர்கள் நால்வர் என்றே எழுதினார்கள். அம்மா ஐந்தாவது. ஐந்துக்கு எண் இல்லாத மொழி எங்களுடையது மட்டுமல்ல என்பது, பின்னால் வேலையில் சேர்ந்ததும் புரிந்தது.

காரியம் முடிந்து அத்தை வீட்டில் இருந்தோம். தனத்தின் பக்கத்தில் உட்கார்ந்து லூமில் பேச்சைத் தொடங்கினேன். இரண்டு சொல் தாண்டுவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துத் தமிழில் சொன்னாள்:

“நாம ஒரசாமத்தானண்ணே பேசுனோம். இனிமே அப்படிப் பேச வேண்டாம்.”

அதன் பிறகு அவள் லூமில் ஒரு சொல் பேசவில்லை. அவளுக்கு அந்த மொழிமேல் கோபம், அது அம்மாவைக் காப்பாற்றவில்லையே என்ற கோபம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கோ விட மனமில்லை. தேர்வு எழுதி, ஆலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு வேலைக்குப் போனேன். அவள் விருதுநகரில் மிளகாய் மண்டியில் கணக்கு எழுதுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டாள். மாற்றலாகிப் போன ஊரிலிருந்தெல்லாம் கார்டு எழுதுவேன். கடைசியில் ஒரு வரி லூம் இருக்கும். ‘சௌக்கியம். பிள்ளைக்குச் சளி’ என்று தமிழில் பதில் வரும், அந்த வரியைப் பற்றி மட்டும் ஒன்றும் இராது. செல்போன் வந்த பிறகு வாயாலும் சொல்லிப் பார்த்தேன். “வேற என்னண்ணே?” என்பாள். மனுவுக்குப் பதில் இல்லையென்றால் நினைவூட்டுக் கடிதம் அனுப்புவது முறை. ஓய்வு பெற்ற பிறகும் அனுப்பிக்கொண்டேதான் இருந்தேன்.

போன வருஷம் தனத்துக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு தெருவை. ஒரு நாள் அவள் மகள் போன் செய்தாள்.

“மாமா, அம்மா என்னமோ பேசுறாக, ஒண்ணும் விளங்கலை. வாய் குழறுதுன்னு டாக்டர் சொல்றாரு. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

போனேன். கட்டிலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். “லேனம்” என்றாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். “எப்படி மாமா கண்டுபிடிச்சீக?” என்று மகள் கேட்டாள். கட்டிலருகே உட்கார்ந்து, அத்தை வீட்டில் பாதியில் நின்ற பேச்சை லூமில் மறுபடி தொடங்கினேன்.

தனம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஊருக்குப் புதிதாக வந்த பெரிய மனிதரைப் பார்க்கிற மரியாதைப் பார்வை. குரலைத் தாழ்த்தி, ஓர் எழுத்துப் பிசகாமல் லூமில் சொன்னாள். தமிழில் இப்படி வரும்: “என் அண்ணனுக்கும் இந்தப் பேச்சு தெரியும். அவன் முன்னால் நான் பேசுவதில்லை. பேசினால் அவன் அழுதுவிடுகிறான்.”

நான் அழவில்லை. அழுதால் அவள் நிறுத்திவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று இருட்டும்வரை பேசினாள்.

அடுத்து வந்த தீபாவளியை அவள் பார்க்கவில்லை. லூம் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். நான் பேசினால் கேட்க ஆள் இல்லை. கோப்பை முடிக்கிறேன். பதில் வரப்பெற்ற நாள்: போன புரட்டாசி, மூன்றாம் சனிக்கிழமை.