கடைசிப் பெயர் கன்னியப்பன்

போன வாரம் மனைவிக்கு விமான டிக்கெட் போட உட்கார்ந்தேன். பெயர்க் கட்டத்தில் ‘வசந்தா’ என்று அடித்தாயிற்று. அடுத்த கட்டம் – லாஸ்ட் நேம். காலியாக விட்டேன். சிவப்பு எழுத்தில் திட்டியது. இனிஷியல் போட்டேன். ஒற்றை எழுத்து செல்லாதாம். வெறும் புள்ளி வைத்துப் பார்த்தேன். அதற்கும் திட்டு!

“உங்க பேரைப் போட்டுத் தொலைங்களேன்” என்றாள் வசந்தா. போட்டேன். கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டது.

அவள் காபி போடப் போய்விட்டாள். நான் மட்டும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் இதே கட்டம் ஒரு பெண்ணின் படிப்புக்கு உலை வைக்கப் பார்த்தது. அதை நிரப்பிய புத்திசாலி யார் என்கிறீர்கள்? சாட்சாத் அடியேன்தான்.

எண்பதுகளின் கடைசி. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் மெயில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. “அப்பவே மெயிலா?” என்று கேட்பீர்கள். இருந்தது. மாலை ஐந்து மணிக்கு எங்கள் கம்ப்யூட்டர் வெளிநாட்டுக்கு ஒரே ஒரு தடவை போன் போடும். சேர்ந்த கடிதங்களைக் கொடுக்கும், வந்த கடிதங்களை வாங்கும். அதோடு சரி.

திருப்பாலைவனம் தாண்டி, பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே சலீம் பாய் இருந்தார். கப்பலில் ரேடியோ ஆபீசராக உலகம் சுற்றிவிட்டு, சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும் மோடமும் தூக்கிவந்தவர். வீட்டிலேயே ஒரு ‘புல்லட்டின் போர்டு’ நடத்தினார். அவரைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் போன் வழியாக அதில் கடிதம் ஒட்டிவிட்டுப் போவார்கள். சங்கத்து அறிவிப்புப் பலகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தப் போர்டையும் எங்கள் மெயிலையும் இணைக்க வேண்டும் என்பது பாயின் நெடுநாள் ஆசை. நடுவில் ‘கேட்வே’ என்று ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். இந்தப் பக்கத்து முகவரியை அந்தப் பக்கத்துக்குப் புரியும்படி மாற்றி எழுதுவதுதான் அதன் வேலை. பரிசோதனைக்கு என்று சொல்லி, என் அதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தேன். ஆனால்... நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பாயின் டிரங்க் கால் வந்தது. “தம்பி, ஒடனே கெளம்பி வா. நம்ம செல்விக்குத் தந்தி வந்துகீது.”

செல்வி, கன்னியப்பனின் மகள். ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி எறா, அதாவது இறால், பிடிக்கிற குடும்பம். வலையும் கிடையாது, படகும் கிடையாது. பிடித்ததைப் போட, பல்லால் கடித்துக்கொள்ளும் ஓலைப்பறி ஒன்றுதான். அந்த வீட்டுப் பெண் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். எந்த மாதம், எந்தச் சேற்றில், என்ன எறா என்று இரண்டு வருஷம் தினமும் எழுதி வைத்திருந்தாள். பாய் அதைத் தன் கம்ப்யூட்டரில் அடித்து ஃபிளாப்பியிலும் ஏற்றியிருந்தார். மேல்படிப்புக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பம் போய்விட்டது. பின்னால் போன பதிவேட்டுக் கட்டு மட்டும் தபாலில் எங்கோ தொலைந்துவிட்டது.

தந்தி சொன்னது இதுதான்: பதிவேடு வரவில்லை. வெள்ளிக்கிழமை கமிட்டி. கம்ப்யூட்டர் மெயிலில் அனுப்ப முடியுமா?

இரண்டு வருஷத்துப் பதிவேட்டைத் தந்தியில் அடிக்க முடியுமா? தபாலில் மறுபடி போட்டால் பத்து நாள். ஃபிளாப்பியை வாங்கிவந்து நம் ஆபீஸிலிருந்தே அனுப்பினால் என்ன என்று அதிகாரியைக் கேட்டேன். “ஸ்டாஃப் லெட்டர் மட்டும்தான்” என்றார் நிமிராமல். மிச்சம் இருந்தது அந்தக் கேட்வே ஒன்றுதான். புதன்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

காலை முழுக்க சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டு. எல்லாம் படிந்து வந்தது, ஓர் இடத்தைத் தவிர. அனுப்புகிறவருக்கு இரண்டு பெயர் இருந்தே ஆக வேண்டுமாம். முதல் பெயர், கடைசிப் பெயர்.

“கடைசிப் பேரு என்னம்மா?” என்றேன்.

“மொதல்லயும் செல்வி, கடைசிலயும் செல்விதான் சார்.”

இனிஷியலைப் போட்டால் துப்பியது. நேரமோ ஓடுகிறது. நான் யோசிக்கவே இல்லை. க என்றால் கன்னியப்பன்தானே? ‘செல்வி கன்னியப்பன்’ என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது. என் தோளை நானே தட்டிக்கொள்ளாத குறை.

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு டிரங்க் கால் கிடைத்தது. மோடம் ‘கீ...’ என்று கத்த ஆரம்பித்தது. பதிவேடு போக இருபது நிமிஷமாவது ஆகும். மூன்றாவது நிமிஷம் – பொட்டென்று அறுந்தது. மறுபடி புக் செய்தோம். மறுபடியும் மூன்றாவது நிமிஷம், மறுபடியும் பொட்! பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்கே போய்விட்டார்.

அங்கே ஆபரேட்டர் ரெஜினா அக்கா. அந்தக் கால டிரங்க் கால் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? மூன்று நிமிஷம் ஆனதும் ஆபரேட்டர் உள்ளே வந்து, நீட்டிக்கட்டுமா என்று கேட்பார். அவர் கடமையைத்தான் அவர் செய்திருக்கிறார்.

“எக்ஸ்டென்ட் பண்ணட்டுமானு கேக்கறேன், ஒருத்தரும் பேச மாட்றீங்க. ‘கீ’னு கத்துது. லைன் பூட்ச்சுனு புடுங்கிட்டேன். ஆளே இல்லாத லைன்ல யாராண்ட பாய் பேசினுகீறீங்க?”

“செல்வி படிப்பும்மா அது. கத்தட்டும், வுட்று” என்றாராம் பாய்.

அக்கா விட்டுவிட்டார். மூன்றாவது தடவை, ஐந்து மணிக்கு முன்பே, பதிவேடு முழுசாகப் போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை பாய் வீட்டு நண்டுக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை, பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க டிரங்க் கால் புக் செய்தோம். லைன் கிடைத்தபோது மணி இரண்டரை. பச்சைத் திரையில் பதில் இறங்கியது. ஆங்கிலத்தில் நாலே வரி.

‘எஸ். கன்னியப்பன் என்ற பெயரில் எங்களிடம் விண்ணப்பம் எதுவும் இல்லை. கே. செல்வியின் பதிவேடு இன்னும் வந்து சேரவில்லை. தாங்கள் யார்? அடுத்தவர் சேகரித்ததைத் தாங்கள் அனுப்பியிருந்தால் அதை ஏற்க இயலாது.’

அவர்கள் ஊரில் ஃபைல் அடுக்குவது கடைசிப் பெயரை வைத்து. விண்ணப்பம் ‘செல்வி’ என்ற ஃபைலில் இருக்கிறது. பதிவேடு ‘கன்னியப்பன்’ என்று எவனோ ஓர் ஆள் பெயரில் போய் நிற்கிறது. நான் அடித்த பெயர்! ஐந்து மணிக்கு எங்கள் கம்ப்யூட்டர் வெளிநாட்டுக்குப் பேசும். அதற்குள் விளக்கம் போய்ச் சேராவிட்டால் அவ்வளவுதான். பஸ் பிடித்து ஓடினாலும் சென்னை போய்ச் சேர ஆறு மணியாகிவிடும்.

பாய் மறுபடி அர்ஜென்ட் கால் புக் செய்யப் போனார். எதிரே கன்னியப்பன், ஈர வேட்டியோடு, பறியைக் கூடக் கீழே வைக்காமல் வாசலில் வந்து நின்றார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

“என்னிய யாருனு கேக்கறாங்களாமே... நா இன்னா சார் பண்ணேன்?”

அவருக்குத் தெரிந்தவரை, ஓர் ஆபீஸ் நம் பெயரை விசாரித்தால் அது வம்பு. நான் விளக்கினேன். கேட்டதும் சட்டென்று சொன்னார்: “எட்த்துடு சார். எம் பேர எட்த்துடு. எம்மாம் பேரு கீது ஊர்ல, வேற எத்தையாவது போடு.”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. முதல் பெயர் செல்வி, கடைசிப் பெயரும் செல்வி என்று போட்டுவிட்டால் சாஃப்ட்வேரும் ஒத்துக்கொள்ளும், ஃபைலும் சேர்ந்துவிடும். கீபோர்டில் கை வைத்தேன்.

“வேணாம் சார்” என்றாள் செல்வி.

“நேரமில்லம்மா!”

“இப்ப பேர மாத்துனா அப்ப மொதல்ல அனுப்சது திருட்டுனு ஆய்டும். அதுவும் இல்லாம...” அப்பாவைப் பார்த்தாள். “எந்தச் சேத்துல இன்னா எறானு சொன்னது யாரு? நைனாதான. நா எழ்தினேன், அவ்ளோதான். அவுரு பேர எட்த்துட்டு நா இன்னாத்த அனுப்பறது?”

கன்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணி மூன்றே முக்கால். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாகத் தேடித் தேடி, தன் ஆங்கிலத்தில் அடித்தாள்.

‘என் பெயர் செல்வி. எங்கள் ஊரில் கடைசிப் பெயர் கிடையாது. கே. என்பது கன்னியப்பன், என் அப்பா. அவர் படித்தவர் இல்லை. தண்ணீருக்குள் கையால் தடவி, இது இன்ன எறா என்று சொல்வார். கரையில் உட்கார்ந்து நான் எழுதுவேன். கே. செல்வியும் செல்வி கன்னியப்பனும் ஒரே ஆள்.’

மூன்று நிமிஷத்துக்குள் அடங்குகிற கடிதம்தான். ஆனால் லைன்? நாலு மணி – இல்லை. நாலேகால் – சென்னை லைன் பிஸி. கன்னியப்பன் போனையே பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நாலரை. நாலே முக்காலுக்கு மணி அடித்தது. ரெஜினா அக்காவின் குரல்.

“அர்ஜென்ட்டுக்கும் மேல, லைட்னிங் கால்னு போட்டு வாங்கிகீறேன். சீக்கிரம் கத்த வுடுங்க!”

கத்த விட்டோம். கடிதம் போனபோது மணி ஐந்துக்கு எட்டு நிமிஷம்.

சனிக்கிழமை மாலை பதில் வந்தது. இந்தத் தடவை படிக்க எனக்குத் தைரியம் இல்லை. செல்விதான் படித்தாள். கமிட்டி அவளை ஏற்றுக்கொண்டுவிட்டது. கீழே இன்னொரு வரி: பதிவேட்டைப் பயன்படுத்தும் இடங்களில் கன்னியப்பன் அவர்களின் பெயரையும் குறிப்பிட விரும்புகிறோம், அவர் சம்மதிப்பாரா?

கன்னியப்பனுக்குச் செல்வி அதைத் தமிழில் சொன்னாள். “போட்டா எத்னா கேஸ் வருமா சார்?” என்றார். வராது என்று நானும் பாயும் சத்தியம் செய்தோம். அப்புறம்தான் தலையாட்டினார்.

செல்வியின் விசாவுக்கும் பல்கலைக்கழகக் கடிதத்துக்கும் பெயர் ஒத்துப்போக வேண்டுமே? நான் அவசரத்தில் அடித்த அந்தப் பெயரே பாஸ்போர்ட்டிலும் ஏறிவிட்டது. படித்தாள், டாக்டர் பட்டம் வாங்கினாள். அங்கேயே வேலையில் சேர்ந்து, அறைக் கதவில் பெயர்ப் போர்டு மாட்டியதும் ஒரு போட்டோ எடுத்துப் பாய்க்கு அனுப்பினாள். அந்த ஊர் வழக்கப்படி, கடைசிப் பெயர் மட்டும்: டாக்டர் கன்னியப்பன்.

பாய் அதைக் கொண்டுபோய் ஏரிக்கரையில் படித்துக் காட்டினாராம். தண்ணீரிலிருந்து ஏறிவந்த கன்னியப்பன் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

“அப்ப... நா யாருனு அவுங்களுக்குத் தெர்ஞ்சுபோச்சா பாய்?”