துரை வளர்த்த முட்டைகோஸ்

நேற்று சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் வாசலில் ஒரு இளைஞன் என்னை நிறுத்திப் பழம் சாப்பிடச் சொன்னான். சும்மா சொல்லவில்லை. மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பின்னால் ஒரு வண்ணப் படத்தை மாட்டி வைத்துக்கொண்டு சொன்னான். "தாத்தா, தினம் காய்கறி பழம் சாப்பிடறீங்களா? அதுலதான் வைட்டமின் இருக்குது." வைட்டமின் என்ற சொல்லை அவன் உச்சரித்த தோரணையைப் பார்த்தால், அதைக் கண்டுபிடித்ததே அவன் சித்தப்பாதான் என்று தோன்றும். அவன் மேஜைக்குப் பக்கத்திலேயே ஒரு மூட்டைக் கூலி, டீயில் பன்னைத் தோய்த்து, தவறிப்போன மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் நிறுத்தவில்லை. கோட்டுப் போட்டவன் நான் அகப்பட்டேன்.

தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். சற்றுத் தள்ளி ஒரு கடையில் முட்டைகோஸின் வாடிய மேல் இலைகளைக் கிள்ளிக் குவித்திருந்தார்கள். அந்தப் பச்சை நாற்றம் மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. எனக்கு முட்டைகோஸ் என்றால் காய்கறி அல்ல, ஐயா. அது ஒரு வழக்கு.

அப்போது நான் வேலூர்ப் பக்கத்து மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்துவிட்டு, தங்கவயலில் ஒரு மைன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்த மைன் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். காயத்துக்குக் கட்டுப்போடுவது பாதி வேலை. டாக்டர் துரை சொல்வதைத் தமிழில் சொல்வது மீதி. இந்த மீதிக்காகத்தான் ஒரு கறுப்புக் கோட்டும், நடந்தால் கீச்சிடும் ஒரு ஜோடி பூட்ஸும் வாங்கியிருந்தேன். நான் வருவது எனக்கு முன்னால் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். குழந்தைகள் "இங்கிலீஸ் வருது" என்று கத்தும். நான் வருகிறேன் என்றல்ல, இங்கிலீஷ் வருகிறது என்று.

லைன் என்பது தொழிலாளிகளின் குடிசை வரிசை. தகரமும் மூங்கில் தட்டியும். பேத்தமங்கலம் தண்ணீர் குழாயில் வராத காலம் அது. பீப்பாய் வண்டியில் வரும் தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு அடித்துக்கொள்வார்கள். சுற்றிலும் தங்கம் எடுக்க மில்லில் அரைத்துத் தள்ளிய கல்மாவு மேடு. காற்றடித்தால் வெள்ளையாய்க் கிளம்பி வந்து குடிசை, களி, கண் எல்லாவற்றின் மேலும் படியும். அங்கே ஒரு தண்டுக்கீரை முளைத்தால் மறுநாள் அது சாம்பல் பூசிய பண்டாரம் மாதிரி நிற்கும்.

சாப்பாடு ராகிக் களி, கருவாட்டுக் குழம்பு. மறுநாள் மாறுதலுக்குக் கருவாட்டுக் குழம்பு, ராகிக் களி. வாரச் சந்தைக்குக் காய்கறி வராமல் இல்லை. வரும். ஆனால் பங்களா பட்லர்கள் விடியற்காலையிலேயே கூடையோடு வந்து, கத்திரிக்காயைக் காம்பைப் பார்த்து, வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சுரங்கத்திலிருந்து ஷிப்ட் மேலே வரும்போது சந்தையில் மிஞ்சியிருப்பது சாக்கும் ஈயும்தான்.

மழை பொய்த்த ஒரு வருஷத்தில் வாய்நோவு வந்தது. முதலில் ஈறு வீங்கும். பிறகு கறுக்கும். களி உருண்டையில் ரத்தம் ஒட்டும். அதைவிடப் பயங்கரம் ஒன்றுண்டு. என்றோ ஆறிப்போன பழைய காயம் திரும்பத் திறந்துகொள்ளும். குடியாத்தத்துக் கன்னியப்பன் என்று ஒருவன், பாறையில் துளை போடுகிறவன். அவன் முழங்காலுக்குக் கீழே சின்ன வயசுத் தழும்பு ஒன்று இருந்தது. அது புதுக்காயம் போல வாயைப் பிளந்துகொண்டதை என் கண்ணால் பார்த்தேன். அவன் மனைவி அஞ்சலை அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஒடம்பு ஆறுனத மறந்துடுமா சார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கிலீஷிலும் தெரியவில்லை.

டாக்டர் துரைக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எரிச்சல். மூடன் உளறினான் என்றால் மன்னித்துவிடலாம். அவர் சொன்னது அத்தனையும் சரி. காய்கறியும் பழமும் இல்லாத குறைதான் வியாதி என்று, மாசக்கணக்கில் கடலில் கிடந்து இதே வியாதி கண்ட கப்பலாட்கள் கதையெல்லாம் எடுத்துக்காட்டிச் சொன்னார். கம்பெனியிடம் கேட்டு எலுமிச்சம்பழமும் வரவழைத்தார். அதைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பை ஆள்பிடிக்கும் மேஸ்திரியிடம் விட்டார். மேஸ்திரி அதைச் சாராயக் கடைக்கு விட்டார். குடிக்கிறவர்கள் உப்புத் தொட்டு நக்கினார்கள். வாய்நோவுக்காரனுக்கு எலுமிச்சையின் மணம் மட்டும், அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போது கிடைத்தது. துரை அதை விசாரிக்கவில்லை. உத்தரவு போட்டாகிவிட்டது, பழம் வந்தாகிவிட்டது. அவ்வளவு போதும் அவருக்கு. வியாதி தீராததற்கு ஜனங்களின் அறியாமையே காரணம் என்று முடிவு செய்து, பிரசங்கத்துக்கு ஏற்பாடு செய்தார்.

ஆஸ்பத்திரி முன்னால் ஒரு மரப்பெட்டியின் மேல் அவர் ஏறி நின்றார். கீழே நான், பூட்ஸோடு. லைன் ஜனங்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். சீமையிலிருந்து வந்த படத்தை விரித்து, பிரம்பால் ஒரு சிவப்பு உருண்டையைத் தொட்டார்.

"இன்னாங்க அது? தொரைங்க மைதானத்துல மட்டையால அடிக்கிறாங்களே, அந்தப் பந்தா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"அது ஆப்பிள். பழம்" என்றேன்.

"துன்றதா? நீங்க துன்னுகீறீங்களா சார்?"

இல்லை என்பதைக் கோட்டுப் போட்டவன் எப்படி ஒப்புக்கொள்வது? துரை பேசுகிறார், கவனியுங்கள் என்று அதட்டினேன்.

துரை பேசினார். தினந்தோறும் பழம், தினந்தோறும் பச்சைக் காய்கறி, அதுவும் ஒரே வகையாக இல்லாமல் பலவிதமாக. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். என் தமிழ் எனக்கே கூசியது. நடுவில் அஞ்சலை எழுந்து நின்றாள். "எங்க கெடைக்குதுன்னு தொரையக் கேளுங்க சார்."

கேட்டேன். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "மனம் இருந்தால் கிடைக்கும் என்று சொல்லு. இதே ஊரில், இதே மண்ணில் நான் வளர்க்கவில்லையா? நம்பாதவர்கள் என் தோட்டத்தை வந்து பார்க்கட்டும்."

உள்ளபடியே சொன்னேன். "தொர தோட்டத்துல நல்லா வெளையுதாம். நம்பிக்கை இல்லன்னா வந்து பாக்கச் சொல்றாரு."

அஞ்சலை துரையை ஒரு முறை பார்த்தாள். "சரி" என்று உட்கார்ந்துவிட்டாள்.

துரை தோட்டம் விளைந்தது வாஸ்தவம். முட்டைகோஸ், பீட்ரூட், பட்டாணி, நூல்கோல் என்று வரிசை வரிசையாக. ஆனால் இதே மண் என்றாரே, அதுதான் பொய். மண் வேறு எங்கிருந்தோ மாட்டு வண்டியில் வந்தது. தண்ணீர் லைனுக்கு வரவேண்டிய பீப்பாயில் வந்தது. இரண்டு தோட்டக்காரர்கள் இலை இலையாகத் தூசி துடைத்தார்கள். அதில் காய்த்ததை அவர் மாலையில் உப்பில்லாமல் வேகவைத்துத் தின்பார். அந்த நாற்றம் பாதை வரைக்கும் அடிக்கும்.

மறுநாள் காலையில் நான் ஆஸ்பத்திரிச் சாவி வாங்கப் பங்களாவுக்குப் போயிருந்தேன். அஞ்சலையும் லைன் பெண்களும் கேட்டில் நின்றிருந்தார்கள். இடுப்பில் கூடை.

"இன்னாம்மா?" என்றான் காவல்காரன்.

"தொர பாக்கச் சொன்னாரு. பாக்க வந்தோம்."

காவல்காரனும் முந்தின நாள் பிரசங்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான். கதவைத் திறந்துவிட்டான்.

அவர்கள் நிஜமாகவே முதலில் பார்த்தார்கள். பாத்திகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்து நடந்தார்கள். ஒருத்தி குனிந்து ஈர மண்ணைத் தொட்டு முகர்ந்தாள். பிறகு அஞ்சலை உட்கார்ந்து ஒரு முட்டைகோஸை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். மொறுக்கென்று அது வந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவ்வளவுதான். எல்லாப் பாத்தியிலும் கை இறங்கிவிட்டது. பீட்ரூட்டைப் பிடுங்கினவர்கள், செக்கச்செவேல் என்ற கிழங்கைத் திருகி எறிந்துவிட்டுக் கீரையை மட்டும் கூடையில் போட்டார்கள். அதைப் பார்த்துத்தான் துரைசானி வராந்தாவில் அலறினாள். திருடினதற்கு அல்ல, கிழங்கை எறிந்ததற்கு.

துரை கழுத்தில் கட்டிய துவாலையோடு ஓடிவந்தார். "இது திருட்டு என்று அவர்களுக்குச் சொல்லு!"

"திருட்டுன்னு சொல்றாரு" என்றேன்.

அஞ்சலை எழுந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "துன்னுன்னு சொன்னவரு அவரு. வந்து பாருன்னு சொன்னவரு அவரு. பாத்தோம், நல்லாத்தான் கீது. எங்க வூட்டுக்காரு வாயெல்லாம் ரத்தம். அதப் பாக்க அவரு ஒரு நாளாவது லைன் பக்கம் வந்தாரா, கேளுங்க சார்."

நான் அதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். என் ஜன்மத்தில் அவ்வளவு நல்ல இங்கிலீஷ் நான் பேசினதில்லை. துரை காவல் சிப்பாய்களைக் கூப்பிட்டார்.

பெண்களை ஒரு தகரக் கொட்டகையில் அடைத்து, கூடைகளை வெளியே வெயிலில் வைத்தார்கள். போலீசுக்கு ஆள் போயிற்று. அதற்குள் சேதி லைனுக்குப் போய்விட்டது. மத்தியான ஷிப்டுக்கு இறங்கவேண்டிய ஆட்கள் சுரங்கக் குழியான ஷாப்டின் வாயில் வந்து நின்றார்கள். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. மணி அடித்தது. ஒருவரும் கால் எடுத்து வைக்கவில்லை. மறுபடி அடித்தது. கூச்சல் இல்லை, கல் எறியவில்லை. சும்மா நின்றார்கள். கன்னியப்பன் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, கட்டுப்போட்ட காலோடு முன்வரிசையில் நின்றான். வேலை போகும், குடிசை போகும் என்று அங்கே நின்ற ஒவ்வொருவனுக்கும் தெரியும்.

சூப்பிரண்டு துரை குதிரையில் வந்தார். இவர் பெரிய துரை. பிரசங்கம் பண்ணமாட்டார், தங்கம் மட்டும் கேட்பார். "என்ன வேண்டுமாம்?" என்று என்னிடம் கேட்டார்.

கன்னியப்பன் வாயைத் திறந்தான். ரத்தம் தெரிந்தது. "பொம்பளைங்க வரட்டும். நாங்க எறங்குறோம்."

பெரிய துரை டாக்டர் துரையைத் திரும்பிப் பார்த்தார். "முட்டைகோஸுக்காகவா என் மைன் நிற்கிறது?" அந்தப் பார்வையில் இருந்த இளப்பத்தை இன்றைக்கும் நினைத்து நான் சந்தோஷப்படுவதுண்டு. ஜனங்கள் மேல் அவருக்கு இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் இறங்காவிட்டால் கல் மேலே வராது, கல் வராவிட்டால் மில் ஓடாது. அவ்வளவுதான் அவருடைய தர்மசாஸ்திரம். கொட்டகை திறந்தது. வாடிப்போன கூடைகளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அன்று லைனில் முட்டைகோஸைக் கருவாட்டோடு போட்டுக் குழம்பு வைத்தார்கள். கன்னியப்பன் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "இத்தயா தொர தெனம் துன்றான்? பாவம்." ஆனாலும் தின்றான், பல் ஆட ஆட.

அந்த வாரமே லைன் முனையில், ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு, பக்கத்துப் பவுரிங்பேட்டையிலிருந்து காய்கறி வண்டி வந்து நின்றது. பெரிய துரை உத்தரவு. பட்லர்கள் கிட்டே வரக்கூடாது. கீரை, முள்ளங்கி, சில நாள் கொய்யா. மேஸ்திரி வண்டியைத் தன் கைக்குக் கொண்டுவரப் பார்த்தார். பெண்கள் விடவில்லை. மெல்ல மெல்ல ஈறுகளின் கறுப்பு மறைந்தது. கன்னியப்பனுக்கு முன்பற்கள் போய்விட்டன, கால் புண் மூடிக்கொண்டது.

மூடிக்கொண்டதும் வேலைப் பதிவிலிருந்து அவன் பேரை வெட்டினார்கள். அதிக நாள் வேலைக்கு வராதவன் என்று காரணம். குடிசையைக் காலி பண்ணச் சொன்னார்கள். யார் சொல்லி நடந்தது என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை, மற்றவர்களுக்கும் வரவில்லை. அந்தத் தடவை ஷாப்ட் வாயில் யாரும் நிற்கவில்லை. அவரவர் குழம்பில் கீரை இருந்தது.

ரயிலடியில் அஞ்சலை என்னிடம், "தொர பேசறத நீங்க தமிழ்ல சொல்லக்குள்ள கொஞ்சம் மருவாதி சேர்த்துக்கினீங்க சார். எங்களுக்குத் தெரியும்" என்றாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "மூட்டை எறக்கற எடத்துக்கு" என்றாள். பிறகு அவர்களைப் பற்றிச் சேதி இல்லை.

டாக்டர் துரைக்குக் கிளப்பில் விருந்து நடந்தது. பிரசங்கத்தாலேயே ஒரு வியாதியை ஒழித்தவர் என்று பேசினார்களாம். மறு வருஷம் பதவி உயர்ந்து சீமைக்குப் போனார்.

இப்போது அந்த லைன் இல்லை. பெருநெருப்பு ஒன்றில் பாதி போயிற்று, மீதியை இடித்துவிட்டு ஓட்டு வீடு கட்டினார்கள். கேஜ் முன்னால் நின்றவர்களில் யார் பாறை விழுந்து செத்தார், யார் நெஞ்சுச்சளியில் செத்தார் என்று இனி யாரைக் கேட்பது?

போன மாசம் சவரக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரன் கத்தியைத் தீட்டிக்கொண்டே ஒரு கதை சொன்னான். "அந்தக் காலத்துல இங்க ஒரு டாக்டர் தொர இருந்தாராம் சார். ஜனங்க காய்கறி இல்லாம வாடுதேன்னு, தன் சொந்தத் தோட்டத்துக் கதவையே தொறந்து விட்டாராம். எவ்ளோ பெரிய மனசு பாருங்க."

முகத்தில் சோப்போடு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அது அவர் இல்லப்பா. அஞ்சலை" என்றேன்.

அவன் என் தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பிக்கொண்டே கேட்டான்: "யாரு சார் அது, தொர வூட்டு ஆயாவா?"