வெள்ளத்தாய் தோப்புச் சாமி

செண்பகத்தோப்பில் என் அத்தை வெள்ளத்தாய்க்கு ஒரு மாந்தோப்பு உண்டு. வேறு சொத்து இல்லை. அண்ணாந்து பார்த்தபடி தோப்புக்குள் வருகிற எவரையும் அவள் நம்ப மாட்டாள். பல வருஷம் வடக்கே சுற்றிவிட்டுத் திரும்பிய என்னையும் நம்பவில்லை.

“ஏட்டி, ஒன்ன யாரு அனுப்புனா? மேல என்ன பாக்க?”

“மாங்காதான் அத்தை.”

“மாங்கா கீழயும் கெடக்கு.”

காரணம் மேற்கு ஓரத்துப் பெரிய மரத்தில் இருந்தது. அதன் உச்சியில் ஒரு மலை அணில் கூடு கட்டியிருந்தது. அருகிவரும் சாம்பல் நிற அணில்; அதைக் கொன்றாலும் கூட்டைக் கலைத்தாலும் வன உயிரினச் சட்டப்படி ஜெயில். அதைவிட அத்தைக்கு வேறொரு பயம். அடிவாரத்தில் புலிகள் காப்பகம் என்று போர்டு வைத்த நாளிலிருந்து, கூடு இருப்பது தெரிந்தால் தோப்பையும் காட்டோடு சேர்த்துவிடுவார்கள் என்றே எண்ணியிருந்தாள்.

வனத்துறை கூடுகளைக் கணக்கெடுக்கும் சமயம் நெருங்கியதும், மரத்தில் மஞ்சள் துணி சுற்றி, அடியில் கல் நட்டுக் குங்குமம் அப்பினாள். கருப்பசாமி கனவில் வந்து இடம் கேட்டதாகச் சொன்னாள். சாமி மரத்தடியில் செருப்போடு யார் நிற்பார்கள்? வனக்காவலர் மாரீஸ்வரன் வேலியோரமே கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

“கும்பிடையில கண்ண மூடல, பாத்தியா?” என்றாள் அத்தை.

சாமி வந்த செய்தி சோழபுரம் வரை போனதுதான் வினை. ஒரு செவ்வாய்க்கிழமை சுடலையம்மாள் என்பவள் லோடு ஆட்டோவில் தன் கூட்டத்தோடு வந்து இறங்கினாள். மகளுக்கு வரன் அமைய வேண்டுதலாம். மரத்தடியிலேயே அடுப்புக் கூட்டிப் பொங்கலும் ஏற்றிவிட்டார்கள். ஈர விறகின் புகை நேரே மேலே ஏறியது. அணில் வெளியே வந்து கத்திற்று. கிளை நுனிவரை ஓடி, மறுபடி கூட்டுக்கே திரும்பியது.

“குட்டி இருக்கு அத்தை. பொக தாங்காது.”

அத்தை என்னை முறைத்தாள். குட்டி செத்தால் கேஸ். வாயைத் திறந்தால் தோப்பு போகும். ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குடத்துத் தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள்.

“சாமியும் இல்ல, பூதமும் இல்ல. மேல அணிலு குட்டி போட்ருக்கு. கெளம்புங்க!”

சுடலையம்மாள் இடுப்பில் கைவைத்தாள். “நாங்க வந்ததும் சாமி அணிலாயிருச்சோ? நீ மட்டும் தனியா வச்சுக் கும்பிடவா?”

கூச்சல் கேட்டு மாரீஸ்வரன் வந்தார். எல்லோரையும் தோப்புக்கு வெளியே அனுப்பிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“எனக்கு அன்னைக்கே சந்தேகம்தான்க்கா. அருவா இல்லாம எந்த ஊர்ல கருப்பசாமி இருக்காரு?”

“அப்ப தோப்ப எடுத்துக்கிடுவீரோ?” என்றாள் அத்தை.

“பட்டா தோப்ப யாரு எடுக்கா? கூட்டக் கலைக்காம இருந்தாப் போதும்.”

அவர் பையிலிருந்து டேப்பை எடுத்தார். அத்தையின் முகம் மாறியது. “எடுக்க மாட்டோம்னீரே, பெறகு எதுக்கு அளக்கீரு?”

“மரத்தோட சுத்தளவு மட்டுந்தான்க்கா. கூடு இருக்க மரத்துக்கு எழுதணும்.”

டேப் மரத்தைத் தாண்டித் தோப்புக்குள் போகாதபடி, அதன் நுனியை அவர் கையிலிருந்து பிடுங்கி, அத்தை தானே மரத்தில் அழுத்திக்கொண்டாள். அவர் சுற்றி வந்து அளந்து, எழுதி முடித்து, “விடுங்கக்கா” என்றார்.

“மொதல்ல நீரு அதச் சுருட்டும்” என்றாள்.