பதினான்காம் வார்டு 'மேம்பட்ட' ஆண்டு

எங்கள் புள்ளியியல் அலுவலகத்தில் அவரை எல்லாரும் 'நடுவீட்டம்மா' என்றுதான் கூப்பிடுவோம். இடைநிலை வருமானம் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் அவர் பதில் ஒன்றுதான். "எல்லா வீட்டையும் வருமானப்படி வரிசையா நிறுத்துங்க. சரியா நடுவுல ஒரு வீடு நிக்கும்ல, அதுக்கு எவ்வளவு வருதோ அதுதான். ஒரு கோடீஸ்வரன் குடிவந்தா சராசரி துள்ளிக் குதிக்கும். நடுவீடு அசையாது."

நகரத்தின் முப்பத்திரண்டு வார்டுகளுக்கும் ஆண்டுதோறும் அந்தத் தொகையை மதிப்பிடுவது அவர் வேலை. எனக்கு அடுத்த மேசை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சின்ன வார்டுகளில் அந்த ஒரு சோறுகூட ஒழுங்காகக் கிடைக்காது. இருபது வீட்டுப் படிவம் வந்தாலே பெரிது. முந்தைய ஆண்டுகளையும் பக்கத்து வார்டுகளையும் சேர்த்துப் பார்த்து, தாறுமாறான ஏற்ற இறக்கங்களைத் தட்டிச் சமன்செய்து, கடைசியில் ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சரக்கு ரயில் யார்டுக்குப் பின்னால் இருந்தது பதினான்காம் வார்டு. அந்த ஆண்டு அதன் இடைநிலை வருமானம் மாதம் பதினெட்டாயிரம் ரூபாயிலிருந்து இருபத்து நான்காயிரத்துக்கு ஏறியது. வீடு வீடாகப் போன கணக்கெடுப்பாளர் ஒரு படிவத்தின் பின்புறம் பென்சிலால் எழுதியிருந்தார்: 'ஒன்பது குடும்பங்கள் வாடகை தாங்காமல் காலி செய்துவிட்டன. புதிதாக வந்தவர்கள் நல்ல சம்பளக்காரர்கள்.' நடுவீட்டம்மா அதைப் படித்ததை நான் பார்த்தேன். அதைப் பதிய எங்கள் அட்டவணையில் இடமில்லை. படிவத்தைக் கோப்பில் வைத்து மூடினார்.

அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார். "பதினாலு நல்லா ஏறியிருக்கே! ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா, அச்சுக்குப் போகணும்."

நின்றபடியே எழுதிக் கொடுத்தார்: 'இவ்வார்டுக் குடும்பங்களின் நிலை மேம்பட்டுள்ளது.'

நான்கு மாதம் கழித்து அந்த வார்டின் மாலைநேர மருத்துவமனை மூடப்பட்டது. இடைநிலை வருமானம் இருபத்திரண்டாயிரத்துக்குக் கீழே இருக்கும் வார்டுகளுக்குத்தான் மருத்துவமனை நடத்த உதவித்தொகை. கதவில் ஒட்டிய அறிவிப்பில் அவர் எழுதிய அதே வரி.

அந்த வார்டில்தான் அவருடைய சொந்த அக்கா குடியிருந்தார். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. பள்ளிச் சீருடை தைத்துப் பிழைப்பு. சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். அந்த மருத்துவமனையில்தான் தினமும் கட்டு மாற்றுவார். அன்று போனில் அவர் போட்ட சத்தம் என் மேசைவரை கேட்டது.

"யாருடி இந்தக் கணக்கப் போட்டது? என் தையல் மெஷினுக்கே தெரியாம எனக்கு எப்படி வருமானம் கூடுச்சு?"

"விசாரிக்கிறேன்க்கா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

பெரிய மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அக்கா ஒருநாள் போனார், இரண்டு நாள் விட்டார். தையல் நெருக்கடியில் ஒரு வாரமே விட்டுப்போனது. இரண்டே மாதத்தில் புண் புரையோடி, வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடுவீட்டம்மா விடுமுறை நாட்களில் காலி செய்துபோன ஒன்பது குடும்பங்களைத் தேடி அலைந்தார். ஏழு குடும்பங்களைக் கண்டுபிடித்தார். எல்லாரும் ஊரின் விளிம்பில், ஒற்றை அறைகளில். யாருக்கும் சல்லிக்காசு கூடியிருக்கவில்லை. வார்டிலேயே தங்கிவிட்ட பழைய குடும்பங்களுக்கும் அப்படித்தான். அத்தனையையும் எழுதி அதிகாரியிடம் நீட்டினார்.

"வார்டோட தொகை தப்பில்லையேம்மா?"

"தொகை சரிதான் சார். வீடுதான் உயர்ந்துச்சு, ஆள் உயரல. நான் எழுதின வரிதான் தப்பு."

அடுத்த ஆண்டு அறிக்கையில் திருத்தம் வந்தது, அடிக்குறிப்பாக. அதற்குள் மருத்துவமனைக் கட்டடம் வேறு யாருக்கோ வாடகைக்குப் போயிருந்தது.

அக்காவிடம் உண்மையைச் சொல்ல என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். தையல் மெஷின்மேல் பாதி தைத்த சட்டைகள் கிடந்தன. தங்கை சொல்லி முடிக்கும்வரை அக்கா ஊசியில் நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"உன் கணக்கு எனக்குப் புரியாதுடி" என்றார். "ஆனா அந்த ரெண்டு மாசமும் சாயங்காலம் நீ வந்து கட்டுப் போட்டிருக்கலாமே. உன் ஆபீஸ்லேருந்து ஒரே பஸ்தானே?"

அந்த வார்டின் பத்தாண்டு வருமானமும் நடுவீட்டம்மாவுக்கு மனப்பாடம். அக்கா வீட்டுப் படியேறி எட்டு மாதமாகியிருந்தது.

மறுநாளிலிருந்து ஐந்து மணி அடித்ததும் பஸ் பிடித்து ஓடுவார். மிஞ்சிய விரல்கள் பிழைத்தன. ஆனால் பாதம் சரியாக ஊன்றாததால் அக்காவால் முன்போல மெஷின் மிதிக்க முடியவில்லை. அந்த வீட்டு வருமானம் பாதியானது. அடுத்த கணக்கெடுப்பில் மாதிரிக்கு எடுத்த வீடுகளில் அக்கா வீடு விழவே இல்லை.

நடுவீட்டம்மா போராடி, இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கென்று படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க வைத்தார். இரண்டு ஆண்டு இருந்தது. படிவம் நீளமாக இருக்கிறது என்று மூன்றாம் ஆண்டு எடுத்துவிட்டார்கள். அந்த மார்ச்சில் அவர் ஓய்வு பெற்றார்.