இடமாகச் சுற்றிய ஈட்டி

தென்காசி தொலைபேசி நிலையத்தில் ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கிற குழல்வாய்மொழிக்கு வாரத்தில் ஆறு நாளும் அடுத்தவர் பேச்சுதான் காதில். ஆலங்குளத்து மிளகாய் வியாபாரி மதுரையோடு சண்டை போடுவார். வாசுதேவநல்லூர் மாமியார் பம்பாய் மருமகளைக் கூப்பிட்டு, சும்மாதான் கூப்பிட்டேன் என்று அழுவாள். இவள் நடுவில் உட்கார்ந்து கம்பியைச் செருகுவாள், பிடுங்குவாள். ‘பேசுங்க’, ‘முடிஞ்சிட்டு’ என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் அவளுக்கு வசனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் குற்றாலத்துக்கு பஸ் ஏறிப்போய், விண்வெளியில் ஒன்றிரண்டு கப்பலை உடைத்துவிட்டு வருவாள். அந்த ஒரு மத்தியானம்தான் அவள் செய்வதற்கு ஏதாவது பதில் வந்த நேரம்.

அந்த விண்வெளி ஒரு அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. எழுபத்தெட்டாம் வருஷத்துக் குற்றாலச் சீசனில் ஒரு வெள்ளைக்காரன் சேக் மைதீனின் லாட்ஜில் அதை மறந்துவிட்டுப் போனான். சேக் மைதீன் அடுத்த சீசன் வரை காத்துப் பார்த்தார். சாரல் வந்தது, அவன் வரவில்லை. பெட்டியைத் திறந்தால், தேனடை மாதிரி ஆறுமூலைக் கட்டம் போட்ட கறுப்பு வானம். நடுவில் பெரிய சிவப்புக் கோள். அட்டையில் வெட்டிய போர்க்கப்பல்கள், ஒரு பகடை, இங்கிலீஷில் ஒரு விதிப் புத்தகம். பாங்கியில் வேலை பார்த்த ராமசேஷன்தான் அந்தப் புத்தகத்தை வாசித்து அர்த்தம் சொன்னவர். ஆட்டத்துக்கு முதலில் வந்தது குழல்வாய்மொழியின் வீட்டுக்காரர் சிவசைலம். மூன்றாவது முறை பகடை உருள்வதற்குள் பெஞ்சில் சாய்ந்து குறட்டை விட்டார். அவருடைய கப்பலைச் சும்மா பார்த்துக்கொள்ள உட்கார்ந்தவள் பிறகு திருப்பித் தரவே இல்லை.

அது ஒரு வேகத் தாக்குதல் கப்பல். புத்தகத்தில் நீளமாக ஏதோ பேர் இருந்தது. இவர்கள் ஈட்டி என்றார்கள். ஓட்டம் பேய் ஓட்டம், தோலோ அப்பளம். ஒரு குண்டு பட்டால் ஆட்டம் முடிந்தது. கையில் இரண்டே ஏவுகணை. அதுவும் நிஜ அட்டை இல்லை. அதை ஒரு குரங்கு ஜன்னல் வழியாகக் கொண்டுபோய்விட்டதால் இரண்டு புளியங்கொட்டை. எதிரே ராமசேஷனின் பெரிய கப்பல், பேர் ஆனை. முன்னாலும் பக்கத்திலும் பீரங்கி, பின்னால் மட்டும் ஒன்றும் கிடையாது, அங்கே ஒன்று பட்டால் ஆனையும் காலி. ஆனால் பின்னால் போக யாரை விட்டார் அவர்?

சேக் மைதீன் ஈட்டியை எடுத்தால் நேரே பாய்வார், நேரே சாவார். குழல்வாய்மொழி பொறுமைக்காரி. கோளின் மறைவில் ஒட்டிக்கொண்டு வருவாள். கோளை உரசிப் போனால் அதன் இழுப்பிலேயே கூடுதல் வேகம் கிடைக்கும் என்பது விதி. ஒரு கொட்டையை எறிவாள், பட்டதா என்று நின்று பார்க்கமாட்டாள், இன்னொன்றை மிச்சம் வைத்துக்கொண்டு ஓடிவிடுவாள். சின்னக் கப்பல்களை இப்படி எத்தனையோ உடைத்திருக்கிறாள். ஆனையை மட்டும் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. கோளைச் சுற்றி எப்போது தலையை நீட்டினாலும் அது வாசலில் நிற்கிற வாட்ச்மேன் மாதிரி இவளைப் பார்த்தபடியே நிற்கும்.

எண்பத்தொன்றில் ராமசேஷனுக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி பெட்டியைப் பற்றி.

“பாய், இதை நான் எடுத்துண்டு போறேனே. ரூல்ஸ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தானே.”

“நாக்பூர்ல யாரோட ஆடுவீங்க சார்?” என்றாள் குழல்வாய்மொழி.

“ஆடணும்னு இல்லம்மா. பீரோ மேல இருக்கட்டும்.”

பீரோ மேல் ஏறிய சாமான் எதுவும் இறங்கி அவள் பார்த்ததில்லை. சேக் மைதீன் தாடியைத் தடவினார். “பொருள் என்னதும் இல்ல, ஒங்கதும் இல்ல. வார ஞாயித்துக்கிழம கடைசி ஆட்டம். சார் ஆனை, தங்கச்சி ஈட்டி. செயிச்சவங்க தூக்கிட்டுப் போங்க” என்றார்.

அந்த வாரம் அவள் சோற்றைப் பிசைந்தபோதும் கட்டம் கட்டமாகப் பிசைந்தாள். “ஏட்டி, கொழம்பு ஊத்தலியே” என்றார் சிவசைலம். “ஆனைக்குப் பின்னால எப்படிப் போறதுன்னு பாக்கேன்” என்றாள். அவர் குழம்பைத் தானே ஊற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காசிவிசுவநாதர் கோயிலில் பிராகாரம் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கோ வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம், வழி தெரியாமல், எதிர்த் திசையில் வந்து அவள்மேல் இடித்தது. கூட்டமே முகம் சுளித்தது. “இப்படிச் சுத்தப்படாது, அங்கன போங்க” என்று கையைக் காட்டியவள், காட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

சிவப்புக் கோளை இத்தனை வருஷமாக எல்லோரும் வலமாகத்தான் சுற்றியிருக்கிறார்கள். சேக் மைதீன்கூட. அவர் மற்றவர்களைப் பார்த்துப் பழகிவிட்டார். விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. நடுவில் ஒன்று பெரிதாக உட்கார்ந்திருந்தால் அதை வலமாகச் சுற்றவேண்டும் என்று கைகளே முடிவு செய்துவிட்டன. ராமசேஷனின் ஆனை அவளைப் பார்த்து நின்றதில் சூட்சுமம் எதுவும் இல்லை. எல்லோரும் வருகிற வழியைப் பார்த்து நின்றது, அவ்வளவுதான். இடமாகப் போனால் அதன் வால்தான் முதலில் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சீசன் முடிந்த லாட்ஜ் காலியாகக் கிடந்தது. தூரத்தில் அருவி ஒல்லியாக விழுந்துகொண்டிருந்தது. ஆனை வழக்கம்போல கோளுக்குப் பின்னால் போய் நின்றது. குழல்வாய்மொழி ஈட்டியை எடுத்தாள். கை தானாக வலமாகப் போயிற்று. இழுத்தாள். அட்டைத் துண்டு, சாமி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் இடக்கையால் கன்னத்தில் லேசாகப் போட்டுக்கொண்டுதான் கப்பலை இடமாக நகர்த்தினாள்.

ராமசேஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்னம்மா இது, அப்பிரதட்சிணமா வரேள்?”

“வரக்கூடாதுன்னு போட்டிருக்கா சார்?”

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னிருந்து பின்னாக, பின்னிருந்து முன்னாக. சேக் மைதீன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “வெள்ளக்காரனுக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன சார், நகத்துங்க” என்றார்.

ஆனையின் முதுகு அவளுக்கு முன்னால் பரந்து கிடந்தது. முதல் கொட்டையை எறிந்தாள். பகடையில் ஒன்று விழுந்தது. படவில்லை. ராமசேஷன் மூச்சு விட்டார்.

இந்த இடத்தில்தான் யாரும் தோற்பார்கள். இவ்வளவு பக்கத்தில் வந்தாயிற்று, இன்னொன்றையும் இப்போதே எறிவோம் என்று நின்றால், ஆனை திரும்பிச் சுட்டுவிடும். அவள் நிற்கவில்லை. அதே வேகத்தில் கோளை ஒட்டி அதன் மறைவுக்குள் ஓடினாள். இனி ஆனை திரும்பவேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மூலைதான் அதனால் திரும்ப முடியும். இடப்பக்கம் திரும்பியிருந்தால் பீரங்கி சீக்கிரமே அவளைப் பார்த்திருக்கும். ராமசேஷன் யோசித்தார், யோசித்தார், ஆனையை வலப்பக்கமாகவே திருப்பினார். எல்லோரும் சாமியைச் சுற்றுகிற வழியில்.

“சார்,” என்று வாயெடுத்த சேக் மைதீன் பீடியை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆனை பாதிகூடத் திரும்பி முடியவில்லை, ஈட்டி கோளை ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி வாலுக்குப் பின்னால் வந்துவிட்டது. இரண்டாவது கொட்டை. பகடை மேசை விளிம்புவரை உருண்டு போய், விழலாமா என்று யோசித்து, ஐந்தில் நின்றது. நாலுக்கு மேல் விழுந்தால் போதும்.

ஆனை உடைந்தது. பெஞ்சில் சிவசைலத்தின் குறட்டை நிற்கவில்லை. ராமசேஷன் கப்பல்களை ஒவ்வொன்றாக அவரே பெட்டிக்குள் அடுக்கினார். கடைசியில் ஆனை மட்டும் கையில் நின்றது.

“இதை ஒண்ணை மட்டும் எடுத்துண்டு போகட்டுமா? ஞாபகத்துக்கு.”

அவர் கேட்ட விதத்தில் அவளுக்கு இரக்கம் வரத்தான் செய்தது. கையைக்கூட நீட்டிவிட்டாள், கொடுப்பவள் மாதிரி. பிறகு அந்தக் கையாலேயே ஆனையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள்.

“ஆனை இல்லாம ஈட்டிய வச்சு நான் யாரக் குத்துததுக்கு சார்?” என்றாள். “அடுத்த சீசனுக்கு லீவு போட்டு வாங்க. ஆனைய ஒங்களுக்கே தாரேன்.”

ராமசேஷன் சிரித்துவிட்டார். சேக் மைதீன் கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சிவசைலத்தை எழுப்பினார். எழுந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “யாரு செயிச்சா?” என்று கேட்டார்.

“பெட்டியத் தூக்குங்க” என்றாள் குழல்வாய்மொழி.